ஜாவா என்றால் எந்த ஜாவா?

கிக்கர்_உடைந்தவன்:

வணக்கம் எல்லோருக்கும். எரிச்சலில் தொடங்குகிற இழை இது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பழைய ஜாவா ஒன்று வாங்கினேன். ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகம், அது வேறு கதை. நேற்று காலை உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். சரி, இணையத்தில் பார்ப்போம் என்று "ஜாவா ஸ்டார்ட் ஆகவில்லை என்ன செய்வது" என்று தமிழிலேயே தட்டினேன். முதலில் வந்த பதில்: "பழைய பதிப்பை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்." பழையதை நீக்கிவிட்டுப் புதியது வாங்க வசதி இருந்தால் நான் ஏன் ஐயா இதை உதைத்துக்கொண்டிருக்கிறேன்?

மேலும் தேடத் தேட காபிக்கொட்டை வந்தது, எரிமலை வந்தது, ஒரு மண்டையோடு வந்தது, கடைசியில் காண்டாமிருகம்கூட வந்துவிட்டது. வண்டிக்கு மட்டும் பதில் இல்லை.

அதனால் கேள்வி இதுதான். இந்த ஒரு பெயரை எத்தனை பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அசல் சொந்தக்காரர் யார்? என் கணிப்பு, இந்தோனேசியத் தீவுதான் அசல், மற்றதெல்லாம், என் வண்டி உட்பட, அங்கிருந்து எடுத்த இரவல். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

அரைப்புள்ளி:

அண்ணே, நிரல்மொழிக் கட்சியிலிருந்து நான் பேசுகிறேன். எங்கள் ஜாவா இரவல்தான், ஆனால் தீவிடமிருந்து நேராக வாங்கியதில்லை, காபியிடமிருந்து வாங்கியது.

1991-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு வீட்டுச் சாதனங்களுக்காக இதை எழுத ஆரம்பித்தபோது வைத்த பெயர் 'ஓக்'. அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு ஓக் மரம் நின்றதாம், அவ்வளவுதான் காரணம். பிறகு பார்த்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்தது. எல்லோரும் உட்கார்ந்து பெயர்களை எழுதிப் போட்டார்கள். சில்க், டிஎன்ஏ என்றெல்லாம் வந்தவற்றில் வழக்குப் பயமில்லாமல் மிஞ்சியவற்றுள் ஒன்று ஜாவா. 1995 மே மாதம் அந்தப் பெயரோடு வெளியே வந்தது. ஆவி பறக்கும் கோப்பைதான் சின்னம். தொகுத்த ஒவ்வொரு 'கிளாஸ்' ஃபைலையும் பதினாறடிமான எண்ணில் திறந்து பார்த்தால் முதல் நான்கு பைட்டுகள் 'கஃபே பேப்' என்று வாசிக்கும்படி இருக்கும். 'ஜாவா பீன்ஸ்' என்று ஒரு பகுதிக்கே பெயர். ஆக, இது காபி போதையில் வைத்த பெயர் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, பயிற்சி வகுப்புகளில் சிலர் இதை உருவாக்கியவர்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் என்னிடமே ஒருவர் அப்படிக் கேட்டு, நான் இல்லை என்றதும் முகத்தைச் சுளித்தார். அது பெயர் வந்த பிறகு கட்டிய கதை.

நாலாவது_டம்ளர்:

காபியை யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

ஜாவா காபியும் ஜாவாவில் பிறந்ததில்லை. செடி எத்தியோப்பியா, பானம் ஏமன், அங்கிருந்து நம் மலபார்க் கரை. மலபாரிலிருந்துதான் டச்சுக்காரர்கள் 1696-ல் நாற்றுகளை பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அவை வெள்ளத்தில் போயின. 1699-ல் மறுபடி அனுப்பியவை பிழைத்தன. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குப் போனது, அதன் வாரிசு ஒன்று 1714-ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகப் போனது, அந்த வம்சம் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கியது. தென் அமெரிக்க அராபிகாவில் பெரும்பகுதிக்கு அந்த ஒற்றைக் குடும்ப மரம்தான் பாட்டி.

சந்தையில் ஒரு காலத்தில் இரண்டே இரண்டு பெயர்கள்தான் பெரிதாகப் புழங்கின. ஏமன் துறைமுகத்தின் பெயரில் மோக்கா, டச்சுக்காரர் கப்பலேற்றிய தீவின் பெயரில் ஜாவா. இரண்டையும் கலந்து விற்றது 'மோக்கா ஜாவா'. அமெரிக்கர்கள் எந்தக் காபியையும் 'ஜாவா' என்று செல்லமாகச் சொல்ல ஆரம்பித்தது இந்த வழக்கத்தில்தான். 1870-களின் பிற்பகுதியில் இலைத்துரு நோய் வந்து ஜாவாவின் அராபிகாத் தோட்டங்களைச் சூறையாடிவிட்டது, ஆனால் பெயருக்கு எந்த நோயும் வரவில்லை. கோப்பையில் இருப்பது பிரேசில் காபி, பெயர் ஜாவா.

இரண்டு_ஸ்ட்ரோக்:

கிக்கர் தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள். உன் வண்டிக்கும் அந்தத் தீவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

செக்கோஸ்லோவாகியாவில் ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்று ஒரு ஆயுதத் தொழிற்சாலைக்காரர். யுத்தம் முடிந்து ஆயுத வியாபாரம் சரிந்ததும் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினார். ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் ஒரு 500 சிசி வண்டியின் உரிமத்தை வாங்கினார். 1929. யானெச்செக்கின் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரின் முதல் இரண்டு எழுத்து, இரண்டையும் ஒட்டினால் உன் வண்டி. செக் நாட்டில் போய் ஜாவா என்றால் புரியாது, அவர்கள் வாயில் அது 'யாவா'.

கொசுறு: அந்த வாண்டரர் 1932-ல் இன்னும் மூன்று கம்பெனிகளோடு இணைந்தது. இன்றைக்கு ஆடி காரின் முகப்பில் பார்க்கிற நான்கு வளையங்களில் ஒன்று வாண்டரருடையது. உன் வண்டிப் பெயரின் பின்பாதி அங்கே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை சிக்னலில் ஆடி பக்கத்தில் நின்றால் சொந்தக்காரன் மாதிரி ஒரு பார்வை பார்.

கிக்கர்_உடைந்தவன்:

அண்ணே, ஒரு வருடமாக எல்லோரிடமும் "இந்தோனேசியா தீவு பேர் வெச்ச வண்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே. என் மாமனாரிடம்கூட.

அரைப்புள்ளி:

இந்தக் குழப்பத்தில் பாதிப் பழி நம் எழுத்து மீதுதான். ஆங்கிலத்தில் வண்டிக்கு 'டபிள்யூ', தீவுக்கும் மொழிக்கும் 'வி', கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதினால் மூன்றுக்கும் ஒரே வ. மூன்று பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன்_பேரன்:

அரைப்புள்ளி சொன்னதில் ஒரு திருத்தம். அந்த 'வி' டச்சு, ஆங்கில வழக்கு. தீவுக்காரர்கள் இன்றைக்குத் தங்கள் தீவை எழுதுவது 'டபிள்யூ' போட்டுத்தான், அதாவது எழுத்துக்கு எழுத்து மோட்டார் சைக்கிள் மாதிரியே. ஒட்டே இல்லாத இரண்டும் எழுத்துக்கூட்டலில் இரட்டைப் பிள்ளைகள். உச்சரிப்பு மட்டும் ஜாவானிய மொழியில் 'ஜொவொ' என்பதற்குப் பக்கத்தில் போகும்.

கல்வெட்டுப்பித்தன்:

இழை நல்ல இடத்துக்கு வருகிறது. தொடங்கியவர் தீவுதான் அசல் என்றார், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பைக்குக்கும் காபிக்கும் போய்விட்டீர்கள். நான் அங்கேதான் இடறுகிறேன். தீவுக்கு மட்டும் அந்தப் பெயர் எப்போது உறுதியானது?

'யவத்வீபம்' என்று வால்மீகி ராமாயணத்தில், சீதையைத் தேடக் கிழக்கே அனுப்பும் வானரர்களுக்கு சுக்ரீவன் வழி சொல்லும் இடத்தில் வருகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி 'இயாபாதியு' என்று எழுதி, பார்லித் தீவு என்று பொருளும் சொல்கிறார். யவம் என்றால் சமஸ்கிருதத்தில் பார்லிதான். ஆனால் அது பார்லி விளைகிற மண் இல்லை. இந்தோனேசியாவில் தினைக்கு 'ஜவாவுட்' என்று பெயர், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்குத் தினை விளக்கம்தான் பிடித்திருக்கிறது, குறிஞ்சித் திணைக்காரன் என்பதால் இருக்கலாம்.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து சீனா திரும்பிய பாகியான் என்ற சீனத் துறவி புயலில் சிக்கி 'யெபோதி'யில் இறங்குகிறார். அது ஜாவாவா போர்னியோவா என்று இன்றும் சண்டை. தீவுக்குள்ளேயே கிடைத்த திடமான சாட்சி 732-ஆம் ஆண்டின் சங்கல் கல்வெட்டு. சஞ்சயன் என்ற மன்னனுடையது. யவம் என்னும் ஒப்பற்ற தீவு, தானியமும் பொன்னும் நிறைந்தது என்கிறது. சரி, முடிந்தது என்று நினைத்தால் அதற்கு ஐந்நூறு ஆண்டு கழித்து மார்க்கோ போலோ வருகிறார், சுமத்ராவுக்கு 'சின்ன ஜாவா' என்று பெயர் வைக்கிறார். தான் கால் வைக்காத உண்மையான ஜாவாவை உலகிலேயே பெரிய தீவு என்கிறார். இபின் பதூதாவும் சுமத்ராவைத்தான் ஜாவா என்கிறார். 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வரைபடங்களில் 'பெரிய ஜாவா' என்று ஒரு கண்டமே தெற்கே தொங்குகிறது. அது ஆஸ்திரேலியாதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, அசல் என்று நீங்கள் சொல்கிற தீவே அந்தப் பெயரைப் பக்கத்து வீடுகளோடு பங்குபோட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சந்தேகப்பேர்வழி:

அப்போ யவனர் என்றால் ஜாவாக்காரர்களா? யவம், யவனம், பொருந்துகிறதே?

கல்வெட்டுப்பித்தன்:

இல்லை நண்பரே. யவனர் என்பது அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு போனவர்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று ஆரம்பித்தால் கிக்கர் தம்பி மாமனாரிடம் மாட்டிக்கொண்ட கதைதான்.

நம் பழைய சொல் 'சாவகம்'. மணிமேகலையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கேட்டு, ஆபுத்திரன் அமுதசுரபியோடு கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. உண்ண ஆளில்லாத தீவில் உணவு தீராத பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். பிறகு எந்த நாட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லையோ அதே சாவகத்தில் பிறந்து, நாகபுரத்தில் புண்ணியராசனாக ஆள்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த மணிபல்லவக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கும். இழைக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும்.

தென்மராட்சிப்_பெடியன்:

பித்தன் அண்ணா, சாவகம் என்று சொல்லிப்போட்டு எங்கட சாவகச்சேரியை விட்டிட்டீங்களே!

எங்கட ஊர்ப்பக்கம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது. சாவகர் வந்து குடியேறின சேரி, அதனால் சாவகச்சேரி. வெறும் கதை என்று தள்ளவும் ஏலாது, ஏனென்றால் சந்திரபானு என்ற சாவக மன்னன் 1247-இல் இலங்கைக்குப் படையோடு வந்தது வரலாறு. தெற்கே தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு அவனைத் தோற்கடித்தான், ஆனால் வடக்கில் கொஞ்சக் காலம் அவன்ர ஆட்சி இருந்தது. பிறகு பாண்டியர் வந்து முடித்துவைத்தார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:

தம்பி, சந்திரபானு விஷயம் முழுக்கச் சரி. சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டிலும் சாவகன் வருகிறான். ஆனால் திருப்பத்தைக் கேள்: அந்தச் 'சாவகன்' ஜாவாக்காரனே இல்லை. அவன் நாடு தாம்பிரலிங்கம், இன்றைய தெற்குத் தாய்லாந்தில் நக்கோன் சி தம்மராட் பகுதி. தமிழ்க் கல்வெட்டுக்கும் சிங்கள வரலாற்று நூல்களுக்கும் கிழக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன் எல்லாம் சாவகன்தான்.

பழஞ்சுவடி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க. தமிழில் 'சாவகர்' என்பதற்கு இன்னொரு பொருள் இருப்பதை யாரும் சொல்லவில்லை. சமண சமயத்தில் துறவு பூணாமல் இல்லறத்தில் இருந்து நோன்பு காப்பவர் சாவகர். வடமொழி 'ஸ்ராவக' என்பதன் தமிழ் வடிவம், கேட்பவர் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலன் குடும்பத்தைப் பற்றிச் 'சாவக நோன்பி' என்று வரும்போது அது இந்தச் சாவகம்தான். அங்கே போய் ஜாவா தீவு என்று உரை எழுதினால் கோவலன் புகாரை விட்டு மதுரைக்குப் போகாமல் ஜகார்த்தாவுக்குப் போயிருப்பான்.

ஆகவே சாவகச்சேரி என்பதைச் சமணச் சேரி என்றும் வாசிக்க இடமிருக்கிறது.

தென்மராட்சிப்_பெடியன்:

ஐயா, இதை ஊரில் சொன்னால் அடிதான் விழும் 😄 ஆனால் யோசிக்க வைக்கிறீங்கள். இலங்கையில் மலாய்க்காரரைச் சிங்களத்தில் 'ஜா மினிஸ்ஸு' என்பார்கள், தமிழில் 'ஜாவா மனுசர்' என்ற வழக்கும் இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். எல்லோரும் ஜாவாவிலிருந்து வந்தவர்கள் இல்லை, பல தீவுகளிலிருந்து வந்தவர்கள். பெயர் மட்டும் ஒன்று.

மட்டுறுத்துநர்:

சாவகச்சேரி சண்டை தனி இழைக்குத் தகுதியானது. இங்கே ஜாவாவோடு நிறுத்திக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் படம் கேட்டவர்கள் தயவுசெய்து படப் பகுதிக்குப் போகவும்.

ஜார்ஜ்டவுன்_பேரன்:

தென்மராட்சித் தம்பி சொன்னது அப்படியே எங்கள் பக்கமும் உண்டு, இன்னும் பெரிதாக. அரபு நாட்டவருக்கு ஜாவா, சுமத்ரா, மலாயா என்ற பிரிவெல்லாம் கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்து மெக்காவுக்கு யார் வந்தாலும் 'ஜாவி'. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதுவதற்கு இன்றைக்கும் 'ஜாவி' என்றுதான் பெயர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய 'அர்வி'க்கு அது உறவுமுறையில் பெரியப்பா மகன் மாதிரி.

பினாங்கில் 'ஜாவி பெரானாக்கான்' என்று ஒரு சமூகம் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான வழி. என் தாத்தா வீட்டில் தமிழும் மலாயும் ஒரே வாக்கியத்தில் வரும். 1876-ல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய் மொழிச் செய்தித்தாளின் பெயரே 'ஜாவி பெரானாக்கான்'தான். நடத்தியவர்கள் அந்தச் சமூகத்தார். கவனியுங்கள், தமிழ் வேர் உள்ளவர்கள், மலாய் மொழி, அரபு எழுத்து, சிங்கப்பூர் அச்சகம், பெயர் மட்டும் ஜாவா. ஜாவா தீவுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

வேதியியல்_வாத்தி:

இந்தக் கடைசிப் பதிவைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பாடப் புத்தகத்திலேயே ஜாவா ஒளிந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது.

சுமத்ராவில் ஒரு மரப்பிசின், புகைபோட்டால் மணக்கும். நாம் சாம்பிராணி என்கிறோமே, அதேதான். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி' என்றார்கள், ஜாவா நாட்டுக் குங்கிலியம் என்று பொருள் (மறுபடி சுமத்ராவுக்கு ஜாவா!). ஐரோப்பியர் வாயில் 'லுபான்' என்பதன் முதல் எழுத்தை அவர்கள் பெயர்ச்சொல்லுக்கு முன் போடும் ஒட்டு என்று நினைத்துக் கழித்துவிட்டார்கள். மிச்சம் 'பான்ஜாவி'. அது பெஞ்சாயின் ஆகி, பென்சாயின் ஆனது. பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833-ல் மிட்செர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி ஒரு திரவத்தைப் பிரித்தார், அதற்கு 'பென்சின்' என்று பெயர் வைத்தார். பிறகு அது பென்சீன் ஆனது. ஆக, அறுகோண வளையம் வரைகிற ஒவ்வொரு பிளஸ் டூ மாணவனும் 'ஜாவி'யின் ஒரு துண்டைத்தான் உச்சரிக்கிறான். பென்சீனில் அந்த 'சீ' இருக்கிறதே, அதில் 'ஜா'வின் மிச்சம் இருக்கிறது.

வகுப்பில் இதைச் சொல்வேன். பெரும்பாலும் தூங்குவார்கள்.

நாலாவது_டம்ளர்:

சாம்பிராணி, ஜாவா, கம்ப்யூட்டர். 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்று கடையில் விற்பவர்கள் தீர்க்கதரிசிகள் போலிருக்கிறது.

அரைப்புள்ளி:

😂 வாத்தியார் ஐயா, அப்போ வெளுப்பதற்குப் போடுகிற 'ஜாவெல்' நீர்? பிரான்சில் இருக்கிற நண்பன் அதை ஏதோ ஜாவா மாதிரி சொல்வான்.

வேதியியல்_வாத்தி:

அது வேறு. பாரிஸில் ஜாவெல் என்று ஒரு பகுதி. பெர்த்தொல்லே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குளோரினை வைத்து வெளுக்கும் முறையைக் கண்டுபிடிக்க, அங்கேயிருந்த தொழிற்சாலையில் அந்த நீரைத் தயாரித்தார்கள். தீவோடு தொடர்பே இல்லை. உங்கள் நண்பரிடம் பிரெஞ்சில் 'ஜாவா' என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள், ஒரு நடனம் என்பார், கூத்தடிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு.

சந்தேகப்பேர்வழி:

இன்னொரு சந்தேகம், திட்டாதீர்கள். ஜவ்வரிசி என்பது 'ஜாவா அரிசி'தானே? எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்வார்.

பழஞ்சுவடி:

இந்த முறை திட்ட மாட்டேன். ஜாவா அரிசி ஜவ்வரிசி ஆனது என்று சொல்பவர்களும் உண்டு, வெந்தால் சவ்வு மாதிரி ஆவதால் சவ்வரிசி என்று சொல்பவர்களும் உண்டு. பாட்டிக்குச் சாதகமான விஷயம், சேகோ என்பது முதலில் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் விளையும் ஒரு பனைவகையின் தண்டுச்சோற்றிலிருந்து செய்த பண்டம். கப்பலில்தான் இங்கே வந்தது. இப்போது சேலம் பக்கம் உருட்டுவது மரவள்ளிக்கிழங்கு மாவில். அரிசியும் இல்லை, ஜாவாவும் இல்லை, பெயரில் மட்டும் இரண்டும் இருக்கிறது.

இரண்டு_ஸ்ட்ரோக்:

மண்டையோடு என்று முதல் பதிவில் சொன்னாயே தம்பி, அதை யாரும் தொடவில்லை. அது 'ஜாவா மனிதன்'. யூஜின் டுபுவா என்ற டச்சு மருத்துவர், குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள கண்ணியைக் கண்டுபிடிப்பேன் என்று ராணுவ மருத்துவராகச் சேர்ந்தே அந்தப் பக்கம் போனார். 1891-ல் சோலோ ஆற்றங்கரையில், திரினில் என்ற இடத்தில் மண்டையோட்டு மேல்பகுதி கிடைத்தது. மறு வருடம் தொடை எலும்பு. இன்றைக்கு அதை ஹோமோ எரக்டஸ் என்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இந்த இழையில் ஜாவா என்ற பெயருக்கு முழு உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான். அந்த மண்ணிலேயே கிடந்தான், எங்கேயும் ஏற்றுமதியாகவில்லை.

ஜார்ஜ்டவுன்_பேரன்:

ஏற்றுமதி ஆகாமலா? டுபுவா அந்த எலும்புகளை நெதர்லாந்துக்கு எடுத்துப்போய்விட்டாரே! லைடன் அருங்காட்சியகத்தில் பல காலம் கிடந்தது. இந்தோனேசியா திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தது, 2025-ல்தான் டுபுவா சேகரிப்பைத் திருப்பித் தருவதாக நெதர்லாந்து ஒப்புக்கொண்டது.

ஜாவா காண்டாமிருகமும் அப்படித்தான், பெயர் ஜாவா, ஆனால் ஒரு காலத்தில் தென்கிழக்கு ஆசியா முழுக்க, வங்காளம் வரைக்கும் திரிந்த மிருகம். வியட்நாமில் கடைசி ஒன்று 2010-ல் செத்தது. இப்போது ஜாவாவின் மேற்கு முனையில் உஜுங் குலோன் காட்டில் மட்டும்தான் மிச்சம். பெயர் பொய்யாக இருந்து, மற்ற இடங்களிலெல்லாம் அழிந்து, கடைசியில் உண்மையாகிவிட்டது. இதற்குச் சிரிக்கவும் முடியவில்லை.

அரைப்புள்ளி:

சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்குகிறேன். எங்கள் துறையில் ஜாவாவை வைத்துப் பெயர் சூட்டும் நோய் தீரவே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் எல்லோருக்கும் தெரியும். 1995-ல் பிரண்டன் ஐக் பத்து நாளில் எழுதியது, முதலில் மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த வருடம் டிசம்பரில் சந்தைப்படுத்தும் வேகத்தில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவுக்கும் அதற்கும் உள்ள உறவு இந்த இழையின் பைக்குக்கும் தீவுக்கும் உள்ள உறவைவிடச் சற்று மேல், அவ்வளவே. இதனால் நான் இழந்த மணிநேரங்கள் ஏராளம். ஜாவா ஆள் வேண்டும் என்று கூப்பிட்டு, போய் உட்கார்ந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி கேட்ட நிறுவனம் உண்டு.

அப்பாச்சி அறக்கட்டளை ஜாவா கருவிகளுக்கு வைத்த பெயர் ஜகார்த்தா. குறியீட்டைச் சுருக்க உதவும் ஒரு நூலகம் லோம்போக், பாலிக்கு அடுத்த தீவு. ஜாவாவுக்கு மாற்றாக ரஷ்யாவில் தொடங்கியவர்கள், அதுவும் தீவுதானே, நாமும் தீவே வைப்போம் என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துத் தீவின் பெயரை வைத்தார்கள், கோட்லின். ரெட் ஹேட் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு மொழி வந்தது, அதன் பெயர் 'சிலோன்'. ஜாவா காபித் தீவு என்றால் இது தேயிலைத் தீவு என்ற குறும்பு.

தென்மராட்சிப்_பெடியன்:

சிலோனா! அந்த மொழி இப்ப எப்பிடி இருக்கு?

அரைப்புள்ளி:

யாரும் பேசுவதில்லை தம்பி.

நாலாவது_டம்ளர்:

இலங்கையும் காபித் தீவாகத்தான் இருந்தது என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 1869-ல் அதே இலைத்துரு அங்கேதான் முதலில் பெரிதாகக் கிளம்பியது. காபி அழிந்த பிறகுதான் தேயிலை. நோய் மட்டும் வராமல் இருந்திருந்தால் அமெரிக்கன் காலையில் 'ஒரு கப் சிலோன்' என்று கேட்டிருப்பான், அரைப்புள்ளி சிலோன் டெவலப்பர் ஆகியிருப்பார்.

கல்வெட்டுப்பித்தன்:

என் பங்குக்குக் கடைசியாக ஒன்று. தீவுதான் அசல் என்ற முதல் பதிவை நான் ஏற்கவில்லை என்றேன், இப்போது இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தத் தீவின் பரப்பு கிட்டத்தட்டத் தமிழ்நாட்டின் பரப்பு. 2020 கணக்கெடுப்பில் 15 கோடி பேர், உலகில் வேறெந்தத் தீவிலும் இவ்வளவு பேர் இல்லை. அதிலும் எல்லோரும் தங்களை ஜாவானியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. மேற்கே இருப்பவர்கள் சுண்டானியர், மொழியே வேறு. கிழக்கே மதுரா தீவுக்காரர்கள் குடியேறிய ஊர்கள். (ஆமாம், மதுரா. நம் மதுரையும் வடமதுரையும் போதாதென்று அங்கேயும் ஒன்று. அந்த இழையைத் தொடங்க எனக்குத் தெம்பில்லை.) தீவுக்குள்ளேயே 'நான் ஜாவாக்காரன் இல்லை' என்கிறவன் இருக்கிறான், தாய்லாந்திலிருந்து வந்தவன் நம் கல்வெட்டில் சாவகன் ஆகிறான். வைத்தவன் எங்கிருந்து பார்த்தானோ அதைப் பொறுத்துத்தான் இந்தப் பெயர் நீண்டிருக்கிறது, சுருங்கியிருக்கிறது.

கிக்கர்_உடைந்தவன்:

ஐயா, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. மாமனாரிடம் போன் போட்டு, வண்டிப் பெயர் தீவு இல்லை, யானெச்செக் என்று திருத்திவிட்டேன். "யாரு, பழைய ஓனரா?" என்றார்.

வண்டி நிலவரம்: இரண்டு_ஸ்ட்ரோக் அண்ணன் தனிமடலில் சொன்னபடி பாயின்டைச் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்த்தேன். ஐந்தாவது உதையில் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் புகை. கிக்கரையே முன்னால் மடக்கிக் கியராகப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். இனி தேடும்போது குழப்பம் வராமல் இருக்க 'ஜாவா'வை விட்டுவிட்டு 'யெஸ்டி' என்று தேடலாம் என்று பார்த்தேன். மைசூர்க் கம்பெனி பிற்பாடு அதே வண்டிக்கு வைத்த பெயர்தானே. ஈரானில் ஒரு ஊர் வருகிறது.

இரண்டு_ஸ்ட்ரோக்:

அந்த ஊர் யஸ்து. மைசூரில் கம்பெனி தொடங்கிய இரானி குடும்பத்தின் பூர்வீகத்தை வைத்து வந்த பெயர் என்பார்கள். இன்னொன்றும் சொல்கிறேன் கேள், செக் மொழியில் 'யெஸ்டீ' என்றால் 'ஓட்டுகிறான்' என்று பொருள்.

கிக்கர்_உடைந்தவன்:

அண்ணே, வேண்டாம். அது தனி இழை.